ராத் ஐஆர்ஏவில் வரம்பு மீறிப் போட்ட பணம்: அமெரிக்க வரி ரிட்டர்னில் சரிசெய்வது எப்படி?

ஜனவரி கடைசியில் சம்பள விவரப் படிவமான டபிள்யூ-2 வந்துவிடும். வரி மென்பொருளில் எண்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போகும்போது, நடுவில் ஓர் எச்சரிக்கை முளைக்கும்: ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போட்ட 7,000 டாலர் கூடுதல் பங்களிப்பு, அதற்கு 420 டாலர் வரி. பணத்தைப் போட்டபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் சம்பளம் உயர்ந்தது, நிறுவனம் ஊதியமாகத் தரும் ஆர்எஸ்யூ பங்குகள் கைக்கு வந்தன, டிசம்பரில் போனஸ் விழுந்தது. ஆண்டு முடிந்து கூட்டிப் பார்த்தால் வருமானம் வரம்பைத் தாண்டி நிற்கிறது.

இது குற்றமல்ல. நேரத்தில் கவனித்தால் செலவும் பெரிதில்லை. சிக்கல் பெரிதாவது திருத்தும் முறையில்தான். ரிட்டர்னில் எண்ணை மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ரிட்டர்ன், நடந்ததைச் சொல்லும் தாள், அவ்வளவுதான். முதலில் கணக்கில் பணம் நகர வேண்டும். அதுவும் சரியான பெயரில், கெடுவுக்குள் நகர வேண்டும். அதற்குப் பிறகுதான் படிவ வேலை.

கீழே உள்ளவை 2025 வரி ஆண்டுக்கான எண்கள்; அதாவது 2026 ஏப்ரலில் கெடு முடியும் ரிட்டர்னுக்கானவை. மத்திய அரசின் வருமான வரி மட்டுமே இங்கே பேசப்படுகிறது. மாநில வரி தனி.

## எவ்வளவு போடலாம்

ஐஆர்ஏ என்பது வேலை கொடுப்பவர் தலையீடு இல்லாமல் நாமே திறந்துகொள்ளும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. பாரம்பரிய ஐஆர்ஏவில் போடும்போது வரிக்கழிவு கிடைக்கலாம்; எடுக்கும்போது வரி உண்டு. ராத் ஐஆர்ஏவில் வரி கட்டிய பணத்தைப் போடுகிறோம். ஓய்வுக்காலத்தில் லாபத்தோடு சேர்த்து வரியில்லாமல் எடுக்கலாம். 401கே என்பது நிறுவனம் நடத்தும் திட்டம். பணம் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படும்.

2025இல் ஐஆர்ஏ வரம்பு 7,000 டாலர். 50 வயது ஆனவர்களுக்கு 8,000. 2026க்கு இது 7,500 ஆகவும், 50 வயதுக்காரர்களுக்கு 8,600 ஆகவும் உயர்ந்திருக்கிறது. பாரம்பரியம், ராத் இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த வரம்பு. இரண்டு நிறுவனங்களில் இரண்டு கணக்கு வைத்திருந்தாலும் கூட்டுத்தொகைதான் கணக்கு.

அந்த ஆண்டு உழைத்து ஈட்டிய வருமானத்தைவிட அதிகமாகவும் போட முடியாது. வட்டி, வாடகை, டிவிடெண்ட் எல்லாம் உழைப்பு வருமானம் ஆகாது. ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்தால், எச்-4 விசாவில் வேலை இல்லாமல் இருக்கும் துணைக்கும் மற்றவரின் சம்பளத்தை வைத்து ஐஆர்ஏ போடலாம்.

ராத் ஐஆர்ஏவுக்கு மட்டும் வருமான உச்சவரம்பு உண்டு. இதற்குப் பயன்படும் அளவு, ரிட்டர்னில் வரும் திருத்திய மொத்த வருமானத்தில் சில மாற்றங்கள் செய்த எண், சுருக்கமாக எம்ஏஜிஐ. 2025இல்:

1. தனியாகத் தாக்கல் செய்பவர்: 150,000 டாலர் வரை முழுத்தொகை போடலாம். 165,000க்கு மேல் ஒன்றும் போட முடியாது.
2. தம்பதியாகச் சேர்ந்து தாக்கல் செய்பவர்கள்: 236,000 வரை முழுத்தொகை. 246,000க்கு மேல் ஒன்றுமில்லை.
3. மணமாகி, சேர்ந்து வாழ்ந்துகொண்டே தனித்தனியாகத் தாக்கல் செய்பவர்: பூச்சியத்திலேயே குறையத் தொடங்கி 10,000 டாலரில் முடிந்துவிடும்.

இடைப்பட்ட வருமானத்துக்கு விகிதக் கணக்கு. தனியாகத் தாக்கல் செய்பவரின் எம்ஏஜிஐ 156,000 என்று வைத்துக்கொள்வோம். உச்சவரம்புக்கு இன்னும் 9,000 இருக்கிறது. அதை 15,000ஆல் வகுத்தால் 0.6. எனவே 7,000இல் 4,200 வரை போடலாம். முழு 7,000 போட்டிருந்தால் 2,800 கூடுதல்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பாரம்பரிய ஐஆர்ஏவில் போட வருமான உச்சவரம்பு கிடையாது. வருமானம் அதிகமானால் கழிவுதான் போகும். பங்களிப்பு கூடுதல் ஆகாது. கழிவு கிடைக்கவில்லை என்றதும் பதறிப்போய்ப் பணத்தை வெளியே எடுப்பது தேவையில்லாத வேலை.

## வரம்பு தாண்டும் வழிகள்

1. ஆண்டுக்கடைசி வருமானம். பங்கு விற்ற லாபம், ஆர்எஸ்யூ, மியூச்சுவல் ஃபண்டு டிசம்பரில் பகிரும் லாபம் எல்லாம் எம்ஏஜிஐயில் ஏறும். பாரம்பரிய ஐஆர்ஏவிலிருந்து ராத்துக்கு மாற்றிய தொகை மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

2. இந்தியாவில் வரும் வருமானம். வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ வைப்பு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் வரி நோக்கில் அமெரிக்கவாசி ஆகிவிட்டவர் உலகில் எங்கே ஈட்டினாலும் அமெரிக்க ரிட்டர்னில் காட்ட வேண்டும். சென்னையில் விட்டிருக்கும் வீட்டின் வாடகையும் அப்படியே. சம்பளத்தை மட்டும் பார்த்து வரம்புக்குள் இருக்கிறோம் என்று நினைப்பவர்களை எல்லைக்கு அப்பால் தள்ளுவது பல நேரம் இந்த வட்டிதான். வங்கி அதற்கு எந்த அமெரிக்கப் படிவமும் அனுப்பாது என்பதால், கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

3. தனித்தனித் தாக்கல். துணை இந்தியாவில் இருக்கிறார், அவருக்கு எஸ்எஸ்என்னோ ஐடிஐஎன்னோ (ரிட்டர்னில் கேட்கும் அடையாள எண்கள்) இல்லை என்பதால் அந்த ஆண்டு தனியாகத் தாக்கல் செய்பவர்கள் உண்டு. ராத் வரம்பு அங்கே 10,000 டாலரில் முடிந்துவிடும். ஆண்டு முழுக்க ஒரு நாள்கூட ஒரே வீட்டில் வாழவில்லை என்றால், ராத் விஷயத்தில் தனி நபருக்கான 150,000 வரம்பே பொருந்தும். நடுவில் துணை வந்து சேர்ந்துவிட்டால் பொருந்தாது.

4. தானியங்கிப் பரிமாற்றம். மாதாமாதம் போகும்படி வைத்துவிட்டு, ஏப்ரலுக்குள் முந்தைய ஆண்டுக்காகவும் ஒரு தொகை போட்டு, எது எந்த ஆண்டுக்கு என்று மறந்துவிடுவது.

மீறல் சிறியதாக இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தைப் பார்க்கலாம். தகுதியான மருத்துவக் காப்பீட்டோடு எச்எஸ்ஏ என்ற மருத்துவச் செலவுச் சேமிப்புக் கணக்கு உள்ளவர்கள், 2025க்கான பங்களிப்பை 2026 ஏப்ரல் 15 வரை போடலாம். 2025 வரம்பு தனி நபருக்கு 4,300, குடும்பத்துக்கு 8,550. சம்பளப் பிடித்தத்தில் போட்டது போக மிச்ச இடம் இருந்தால், இப்போது போட்டாலும் 2025 எம்ஏஜிஐ குறையும். கூடுதல் தொகையும் சுருங்கும். ஆண்டு முடிந்த பிறகும் எம்ஏஜிஐயைக் குறைக்கும் வழிகள் மிகக் குறைவு. அவற்றில் இது எளிது.

## ஆறு சதவீத வரி

அமெரிக்க வரிச் சட்டத்தின் 4973ஆம் பிரிவு கூடுதல் தொகைக்கு 6% வரி போடுகிறது. ஒரு முறை கட்டிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கும் இடம் இது. உண்மையில் மீட்டர் போட்ட ஆட்டோ மாதிரி, இறங்கும்வரை ஓடும். கூடுதல் தொகை கணக்கில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 6%. 7,000 டாலரை 2025, 2026, 2027 மூன்று ஆண்டும் விட்டுவைத்தால் 420 வீதம் 1,260. ஆண்டு முடிவில் கணக்கின் மொத்த மதிப்பு கூடுதல் தொகையைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த மதிப்பில் 6% மட்டும்.

இதைக் காட்டுவது படிவம் 5329இல். பாரம்பரிய ஐஆர்ஏவுக்கு அதன் மூன்றாம் பகுதி, ராத்துக்கு நான்காம் பகுதி. கெடுவுக்குள் சரிசெய்துவிட்டால் இந்த வரியே கிடையாது. அந்தக் கூடுதலுக்காக 5329 போடவும் தேவையில்லை.

கெடு என்பது ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நாள், நீட்டிப்பு உட்பட. 2025க்கு அது 2026 அக்டோபர் 15. ஏப்ரல் 15க்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டவர்களுக்கும், நீட்டிப்பே கேட்காவிட்டாலும், அதே அக்டோபர் 15 வரை அவகாசம் உண்டு. ரிட்டர்னும் போடாமல் நீட்டிப்பும் கேட்காமல் ஏப்ரலைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

## முதல் வழி: லாபத்தோடு வெளியே எடுப்பது

கூடுதலாகப் போட்ட தொகையையும், அது ஈட்டிய லாபத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். எந்தப் பங்கு ஏறியது, எந்த ஃபண்டில் அந்த 7,000 போனது என்று தேடத் தேவையில்லை. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. அது முழுக் கணக்கின் ஏற்ற இறக்கத்தையும் எடுத்துக்கொள்கிறது.

ஓர் உதாரணம். 2025 ஜனவரியில் ஒருவர் ராத் ஐஆர்ஏவில் 7,000 போடுகிறார். போடுவதற்குச் சற்று முன் கணக்கில் 21,000 இருந்தது. எனவே தொடக்க இருப்பு 28,000. தம்பதியின் எம்ஏஜிஐ 255,000 ஆகிவிட்டதால் முழு 7,000ம் கூடுதல். 2026 மார்ச்சில் திருத்த வரும்போது கணக்கில் 30,800 இருக்கிறது. இடையில் எதுவும் போடவில்லை, எடுக்கவில்லை.

1. கணக்கு வளர்ந்தது 2,800.
2. அதைத் தொடக்க இருப்பான 28,000ஆல் வகுத்தால் 0.10.
3. 7,000இல் அந்த விகிதம் 700.
4. எடுக்க வேண்டியது 7,700.

சந்தை விழுந்து கணக்கு 25,200க்கு இறங்கியிருந்தால் இதே சூத்திரம் கழித்தலில் வரும்: 6,300 எடுத்தால் போதும், 7,000ம் திருத்தப்பட்டதாகவே கொள்ளப்படும். அந்த 700 நஷ்டத்தை ரிட்டர்னில் கழிக்க முடியாது.

கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் கேட்கும்போது கவனமாக இருக்க வேண்டும். இணையதளத்தில் கண்ணில் படும் "பணம் எடு" பொத்தானை அழுத்தினால் அது சாதாரண எடுப்பு. எடுத்த தொகை சரியாக இருந்தாலும் அது திருத்தமாகப் பதிவாகாது. கூடுதல் பங்களிப்பைத் திரும்பப் பெறுவதற்கென்று தனிப் படிவம் இருக்கும். அதில் எந்த வரி ஆண்டுக்கான பங்களிப்பு, எந்தத் தேதியில் போட்டது, எவ்வளவு கூடுதல் என்று கேட்பார்கள். லாபத்தைச் சில நிறுவனங்கள் தாமே கணக்கிடும். சில நம்மிடமே விட்டுவிடும். வரி பிடித்தம் வேண்டுமா என்றும் கேட்கும். வேண்டாம் என்பதே வசதி. பிடித்தால் அது பணத்தை எடுத்த 2026ஆம் ஆண்டின் கணக்கில்தான் வரவாகும். லாபத்துக்கான வரியோ 2025இல்.

### லாபம் எந்த ஆண்டு வருமானம்?

7,000 ஏற்கெனவே வரி கட்டிய பணம், அதற்கு மறுபடி வரி இல்லை. 700 டாலருக்கு மட்டும் வரி. பங்களிப்பு எந்த ஆண்டில் கணக்கில் விழுந்ததோ, அந்த ஆண்டின் வருமானம் அது. மேலே உள்ள உதாரணத்தில் பணம் போட்டது 2025இல், எடுத்தது 2026இல். எனவே 700 டாலர் 2025 ரிட்டர்னில் போக வேண்டும்.

ஆனால் வெளியே எடுத்த பணத்துக்கு நிறுவனம் அனுப்பும் 1099-ஆர் படிவம், எடுத்த ஆண்டைப் பின்பற்றித்தான் வரும். 2026இல் எடுத்ததற்கான 1099-ஆர் கைக்கு வருவது 2027 ஜனவரியில். அதன் முதல் கட்டத்தில் 7,700, 2ஏ கட்டத்தில் 700, ஏழாம் கட்டத்தில் பி, ஜே என்ற இரண்டு குறியீடுகள். ஜே என்றால் ராத்திலிருந்து முன்கூட்டியே எடுத்தது. பி என்றால் முந்தைய ஆண்டு வருமானம். அந்தப் படிவத்துக்காகக் காத்திருந்தால் 2025 ரிட்டர்ன் தப்பாகிவிடும். எனவே செய்ய வேண்டியது இது:

1. 2026 மார்ச்சில் பணம் வந்ததும், நிறுவனம் தரும் உறுதிக் கடிதத்திலிருந்து 7,700, 700 இரண்டையும் குறித்துக்கொள்ளவும்.
2. 2025 ரிட்டர்னின் 4ஏ வரிசையில் 7,700, 4பி வரிசையில் 700. வரி மென்பொருளில் இன்னும் வராத 1099-ஆரை, பி, ஜே குறியீடுகளோடு நாமே உள்ளிட வேண்டியிருக்கும்.
3. எப்போது போட்டது, ஏன் கூடுதல் ஆனது, எப்போது எடுத்தது என்று சுருக்கமான விளக்கத்தை இணைக்கவும்.
4. 2027 ஜனவரியில் அந்தப் படிவம் வரும்போது, 700ஐ மறுபடி 2026 வருமானத்தில் சேர்த்துவிடக் கூடாது.

பணத்தை 2025 டிசம்பருக்குள்ளேயே எடுத்திருந்தால் பி இடத்தில் 8 இருக்கும். போட்டதும் எடுத்ததும் ஒரே ஆண்டு என்பதால் தலைவலி இல்லை. இன்னொரு நுணுக்கம்: 2025க்கான பங்களிப்பை 2026 பிப்ரவரியில் போட்டு மார்ச்சில் எடுத்தால், லாபம் 2026 வருமானம். எந்த ஆண்டுக்காகப் போட்டோம் என்பது இங்கே பொருட்டில்லை, பணம் கணக்கில் விழுந்த தேதிதான் பொருட்டு.

முன்பெல்லாம் 59½ வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த லாபத்தின் மீது 10% கூடுதல் வரியும் இருந்தது. 2022 டிசம்பர் 29 அன்று சட்டமான செக்யூர் 2.0 அதை நீக்கிவிட்டது. பழைய கட்டுரைகளில் இன்னும் 10% என்றே இருக்கும்.

## இரண்டாம் வழி: பாரம்பரியமாக மாற்றுவது

பணத்தை வெளியே எடுக்காமல், "இது முதலிலிருந்தே பாரம்பரிய ஐஆர்ஏவுக்குப் போட்ட பணம்" என்று மாற்றிவிடலாம். ரீகேரக்டரைசேஷன் என்று நிறுவனத்தின் படிவங்களில் இருக்கும். கெடு அதே அக்டோபர் 15. 7,000ம் அதன் லாபமும் பாரம்பரிய ஐஆர்ஏவுக்கு நகரும். அந்த நகர்வுக்கு வரி இல்லை. வருமானம் அதிகம் என்பதால் கழிவு கிடைக்காது, ஆகவே 2025 ரிட்டர்னோடு படிவம் 8606 போட்டு, 7,000 வரி கட்டிய பணம் என்று பதிவு செய்ய வேண்டும். இந்தப் பதிவு விட்டுப்போனால் பிற்பாடு அதே பணத்துக்கு இரண்டாம் முறை வரி கட்ட நேரும்.

வருமானத்தால் வரம்பு மீறியவர்களுக்கு இதுதான் பெரும்பாலும் மேலான வழி என்பது என் கருத்து. சேமிப்பு கணக்கிலேயே இருக்கிறது. பிறகு பாரம்பரியத்திலிருந்து ராத்துக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம், அதற்கு வருமான வரம்பு கிடையாது. பேக்டோர் ராத் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். உதாரணத்தில் 7,700ஐ 2026இல் ராத்துக்கு மாற்றினால், 700 மட்டும் 2026 வருமானம்.

ஆனால் வேறு பாரம்பரிய ஐஆர்ஏ எதிலும் வரி கட்டாத பணம் இருக்கக் கூடாது. பழைய வேலையின் 401கேவை ஐஆர்ஏவுக்குக் கொண்டுவந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அப்படி 62,300 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7,700ஐச் சேர்த்தால் மொத்தம் 70,000. அதில் வரி கட்டியது 7,000, அதாவது 10%. எனவே மாற்றிய 7,700இல் 770 மட்டுமே வரியற்றது, 6,930க்கு வரி. புதிதாகப் போட்ட பணத்தை மட்டும் தனியாக மாற்றுகிறேன் என்று சொல்ல முடியாது. டிசம்பர் 31 அன்று எல்லாப் பாரம்பரிய ஐஆர்ஏக்களிலும் இருக்கும் தொகையைச் சேர்த்தே விகிதம் போடுவார்கள். பழைய பணத்தை இப்போதைய நிறுவனத்தின் 401கே ஏற்றுக்கொள்ளுமானால், அந்தத் தேதிக்குமுன் அங்கே நகர்த்திவிடுவது ஒரு வழி.

ராத்துக்கு மாற்றியதைப் பின்வாங்கும் வசதி 2018இலிருந்து இல்லை. பங்களிப்பின் வகையை மாற்றுவது இன்றும் செல்லும். இணையத்தில் இரண்டையும் குழப்பி எழுதியிருப்பதைப் பார்த்து, வழியே அடைபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

மொத்த வரம்பான 7,000ஐயே மீறிப் போட்டவர்களுக்கு இந்த வழி உதவாது. 9,000 போட்டவர் எந்தப் பெயரில் மாற்றினாலும் 2,000 கூடுதல்தான்.

## ரிட்டர்ன் ஏற்கெனவே போய்விட்டது

மார்ச்சிலேயே தாக்கல் செய்தாயிற்று, ரீஃபண்டும் வந்தாயிற்று, ஜூலையில்தான் தெரிகிறது. சரி, அக்டோபர் 15 வரை நேரம் இருக்கிறது. கூடுதலையும் லாபத்தையும் எடுத்து, அல்லது வகை மாற்றி, 1040-எக்ஸ் திருத்த ரிட்டர்ன் போட வேண்டும். விதி 301.9100-2இன்படி தாக்கல் செய்யப்படுகிறது என்ற குறிப்பை ஆங்கிலத்தில் அதன் தலைப்பில் எழுத வேண்டும். லாபத்தை வருமானத்தில் சேர்த்து, விளக்கத்தை இணைத்தால் 6% வரி இல்லை.

## கெடு தாண்டிவிட்டால்

அக்டோபரும் போய்விட்டால் 2025க்கான 420 கட்டித்தான் ஆக வேண்டும். அடுத்த ஆண்டின் 420ஐத் தடுக்க இரண்டு வழிகள்.

1. கூடுதலை மட்டும் எடுப்பது. இப்போது லாபத்தைத் தொடத் தேவையில்லை. 2026 டிசம்பர் 31க்குள் 7,000 மட்டும் வெளியே வந்தால் 2026க்கு 6% இல்லை. ராத்தில் முதலில் வெளியே வருவது போட்ட பணம்தான் என்பதால் அதற்கு வருமான வரியும் இல்லை. 8606இன் மூன்றாம் பகுதியில் காட்ட வேண்டும். பாரம்பரிய ஐஆர்ஏவில், அந்த ஆண்டின் மொத்தப் பங்களிப்பு ஆண்டு வரம்புக்குள் இருந்து, கழிவும் கேட்காமல் இருந்தால் வரியில்லாமல் எடுக்கலாம். லாபம் உள்ளேயே தங்கிவிடுவதால், சந்தை நன்றாக ஏறிய ஆண்டில் கெடு தாண்டியவருக்கு இந்த வழி சில நேரம் மலிவாகக்கூட முடியும்.

2. அடுத்த ஆண்டு வரம்பில் அடக்குவது. 2026இல் வருமானம் குறைந்து ராத் தகுதி வந்தால், புதிதாக எதுவும் போடாமல் பழைய 7,000ஐ அந்த ஆண்டின் 7,500 வரம்பில் உட்கார வைக்கலாம். பணம் நகராது, 2026க்கான 5329இல் கணக்குக் காட்டினால் போதும். வருமானம் இறங்கும் என்ற உறுதி இல்லாதவர்கள் இதை நம்பி உட்கார வேண்டாம்.

பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டவர்கள், அந்தந்த ஆண்டின் 5329ஐத் தனித்தனியாக நிரப்ப வேண்டும். அது தனியாகவே அனுப்பக்கூடிய படிவம். முன்பு 5329 போடாதவரை காலவரையறையே தொடங்காது. செக்யூர் 2.0க்குப் பிறகு, வழக்கமான வருமான வரி ரிட்டர்னான 1040ஐத் தாக்கல் செய்ததிலிருந்து ஆறு ஆண்டுகள் என்று பெரும்பாலான கூடுதல் பங்களிப்புகளுக்கு வைத்திருக்கிறார்கள்.

## 401கே: வேறு கெடு, வேறு வரி

401கேவில் 6% வரி கிடையாது. ஆனால் தவறவிட்டால் வலி அதிகம்.

2025இல் சம்பளத்திலிருந்து 401கேவுக்குப் போகக்கூடியது 23,500 டாலர். 50 வயதானவர்கள் 7,500 சேர்த்துப் போடலாம். 60 முதல் 63 வயதுவரை உள்ளவர்களுக்கு அந்தச் சேர்க்கை 11,250. நிறுவனம் தன் பங்காகப் போடும் மேட்ச் இதில் வராது. வரம்பு ஆளுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று அல்ல. ஜூலையில் வேலை மாறியவருக்குப் பழைய நிறுவனத்தில் 14,000, புதியதில் 13,000 போயிருந்தால் மொத்தம் 27,000, 3,500 கூடுதல். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் கணக்கு மட்டுமே தெரியும். இரண்டு டபிள்யூ-2விலும் 12ஆம் கட்டத்தில் டி குறியீட்டுக்கு எதிரே இருக்கும் தொகைகளையும், ராத் 401கே என்றால் ஏஏ குறியீட்டுத் தொகைகளையும் கூட்டிப் பார்ப்பது நம் வேலை.

சோஷியல் செக்யூரிட்டி வரியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அந்த வரியை 10,918.20க்கு மேல் பிடித்திருந்தால், ரிட்டர்னிலேயே வரவு வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 401கேவுக்கு அப்படி எதுவும் இல்லை. திட்டத்திடம் நாமே கேட்க வேண்டும்.

1. இரண்டு திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்து, கூடுதல் தொகையை எழுத்தில் தெரிவிக்கவும். பல திட்டங்கள் மார்ச் 1க்குள் கேட்கும்.
2. 2026 ஏப்ரல் 15க்குள் பணம் வெளியே வந்திருக்க வேண்டும். ரிட்டர்னுக்கு நீட்டிப்பு வாங்கியிருந்தாலும் இந்தத் தேதி நகராது.
3. வரிக்கு முந்தைய பணமாகப் போன 3,500ஐ 2025 ரிட்டர்னில் 1எச் வரிசையில் சம்பளமாகச் சேர்க்கவும். டபிள்யூ-2 மாறாது.
4. அதில் வந்த லாபம், ஐஆர்ஏவுக்கு நேர்மாறாக, எடுத்த ஆண்டின் வருமானம். எனவே 2027 ஜனவரியில் இரண்டு 1099-ஆர் வரலாம்: 3,500க்கு பி, லாபத்துக்கு 8.

ஏப்ரல் 15 தாண்டினால் 3,500ஐ 2025 வருமானத்தில் சேர்த்தே ஆக வேண்டும், பணமோ திட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும். ஓய்வுக்காலத்தில் அதே 3,500ஐ எடுக்கும்போது மறுபடி வரி. ஒரே டாலருக்கு இரண்டு முறை வரி கட்டும் இந்த நிலை, ஐஆர்ஏவின் 6%ஐவிட மோசமானது. வேலை மாறிய ஆண்டில் ராத் ஐஆர்ஏவைப் பார்ப்பதற்கு முன் 401கேவைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: திரும்பி வரும் 3,500 சம்பளத்தில் ஏறுவதால் எம்ஏஜிஐயும் ஏறும், ராத் வரம்பின் ஓரத்தில் நிற்பவர் அதனாலேயே தாண்டிவிடலாம்.

சிலருக்கு மார்ச்சில், கேட்காமலேயே 401கே நிறுவனத்திலிருந்து ஒரு காசோலை வரும். அதிகச் சம்பளக்காரர்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாகப் போடுகிறார்களா என்று திட்டங்கள் ஆண்டுதோறும் சோதிக்கின்றன; அதில் தேறாவிட்டால் மிகுதியைத் திருப்பிக் கொடுக்கின்றன. அது மேலே சொன்ன வரம்பு மீறல் அல்ல. 3,500 கணக்கோடு சேர்க்கவும் வேண்டாம், 2025 ரிட்டர்னைத் திருத்தவும் வேண்டாம். 2026இல் வந்த காசோலைக்கு 2027 ஜனவரியில் 8 குறியீட்டோடு 1099-ஆர் வரும். 2026 ரிட்டர்னில் காட்டினால் போதும்.